ஊசியில இருக்கற கோடு யாரோட கணக்கு? மெடிக்கல் அக்கா பதில்கள்

போன மாசம் இன்சுலின் ஊசில சிவப்பு மூடி வேற, ஆரஞ்சு மூடி வேறன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், பிடிச்சுக்கிட்டீங்க. லெட்டர், வாட்ஸ்அப், நேரா கடைக்கே வந்து கவுண்டர் மேல ஊசிய வெச்சு "இது எந்த ஜாதி சொல்லுங்க"ன்னு கேட்டவங்க வரைக்கும் ஆச்சு. அதனால இந்த மாசம் முழுக்க அளவு கணக்கு மட்டும்தான். முடி கொட்டறது, வாய்ப்புண்ணு எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், கோச்சுக்காதீங்க.

அக்கா, அம்மாவுக்கு 68 வயசு, 12 வருஷமா சுகர். ஊர்ல இருந்தப்ப இன்சுலின் காலைல 20 யூனிட், நைட் 12, நல்லா கண்ட்ரோல்ல இருந்துச்சு. மூணு மாசம் முன்னாடி எங்க வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம். அதே மருந்து, அதே பாட்டில், சாப்பாடு ஊர்ல சாப்பிட்டத விட கம்மிதான், ஆனா சுகர் 300க்கு கீழ இறங்க மாட்டேங்குது. இங்க பாக்கற டாக்டர் காலை டோஸ 26 ஆக்கினார், அப்பவும் பெருசா மாற்றம் இல்ல. உங்க வரிய படிச்சிட்டு ஊசிய எடுத்துப் பாத்தா ஆரஞ்சு மூடி, பாட்டில்ல 40 ஐயூனு போட்டிருக்கு. இதான் காரணமா? நாளைக்கே சிவப்பு மூடி வாங்கிடவா? — ஒரு மகன், தாம்பரம்

காரணம் இதுவாத்தான் இருக்கும் தம்பி. ஆனா "நாளைக்கே வாங்கிடவா"ங்கற இடத்துல கொஞ்சம் நில்லுங்க, ஆபத்து அங்கதான் உக்காந்திருக்கு.

முதல்ல கணக்கு. ஐயூன்னாலும் யூனிட்னாலும் இங்க ஒண்ணுதான். உங்க பாட்டில்ல 1 எம்எல் மருந்துக்குள்ள 40 யூனிட் இன்சுலின் இருக்கு. சிவப்பு மூடி ஊசி அதுக்குன்னே செஞ்சது, 1 எம்எல்ல 40 பங்கா பிரிச்சு கோடு போட்டிருப்பாங்க, அதனால 20-வது கோடு (கோட்ட எண்ணாதீங்க, பக்கத்துல இருக்கற நம்பர பாருங்க) வரைக்கும் இழுத்தா 20 யூனிட், கண்ண மூடிக்கிட்டு நம்பலாம். ஆரஞ்சு மூடி ஊசி 100 ஐயூ மருந்துக்காக செஞ்சது, அதுல அதே 1 எம்எல்ல 100 பங்கா பிரிச்சிருக்காங்க. அதுல 20-வது கோடுன்னா ஒரு எம்எல்ல அஞ்சுல ஒரு பங்கு, உங்க பாட்டில் மருந்து அவ்ளோ எடுத்தா உள்ள போறது வெறும் 8 யூனிட். நைட் 12-வது கோட்டுக்கு 5 யூனிட் கூட முழுசா இல்ல, 4.8. மூணு மாசமா அம்மாவுக்கு பாதிக்கும் கீழதான் போயிருக்கு, சுகர் எப்படி இறங்கும்?

இப்ப ஆபத்து. டாக்டர் 26னு ஏத்தினார்ல, அது ஆரஞ்சு ஊசில 26-வது கோடு, நிஜத்துல 10.4 யூனிட். நாளைக்கு நீங்க சிவப்பு ஊசி வாங்கி அதே 26-வது கோடு வரைக்கும் இழுத்தீங்கன்னா நிஜமாவே 26 யூனிட் போகும், ஊர்ல 20லயே கட்டுக்குள்ள இருந்த உடம்பு, இப்ப சாப்பாடும் கம்மினு நீங்களே எழுதியிருக்கீங்க. லோ சுகர் வந்து வேர்த்து விறுவிறுத்து மயங்கி விழறது இப்படித்தான். அதனால லெட்டருக்கு பதில் பாத்ததும் டாக்டருக்கு போன் பண்ணுங்க, ஊசி மாறி இருந்த விஷயத்த சொல்லுங்க, எந்த ஊசி, எத்தனை கோடு, எத்தனை நாளுன்னு மூணையும் சொல்லுங்க, புது டோஸ் என்னன்னு அவர் வாயால கேட்டுட்டு அப்புறம் ஊசிய மாத்துங்க. நான் இங்க உக்காந்துட்டு ஒரு நம்பர் சொல்றது சரியில்ல.

இதுக்கு நேர் எதிரான தப்பு இன்னும் மோசம். இன்சுலின் பேனால போடற கார்ட்ரிட்ஜ் இருக்குல்ல, 3 எம்எல், அதுல எம்எல்லுக்கு 100 ஐயூ. பேனா ரிப்பேர் ஆயிடுச்சுன்னு அந்த கார்ட்ரிட்ஜ்ல சிவப்பு ஊசிய குத்தி உறிஞ்சறவங்க இருக்காங்க. 20-வது கோடுன்னா அரை எம்எல், அதுல 50 யூனிட். ரெண்டரை மடங்கு! நான் ஆஸ்பத்திரி பார்மசில வேலை பாத்த காலத்துல ஒரு பெரியவருக்கு சிவப்பு மூடி ஊசி எடுத்துக் குடுத்தது நானேதான், அவர் கைல பாட்டிலா கார்ட்ரிட்ஜான்னு கேக்கல, கேட்டிருக்கணும். 10 யூனிட் போட வேண்டியவர் 25 போட்டுக்கிட்டார். சட்ட நனைஞ்சு உக்காந்திருந்தவருக்கு அவர் மக சர்க்கரைய தண்ணில கரைச்சு குடிக்க வெச்சு கூட்டிட்டு வந்துச்சு, பொழச்சார். அன்னையிலேருந்து ஊசி கேட்டு யார் வந்தாலும் "பாட்டில காட்டுங்க"ன்னுதான் ஆரம்பிப்பேன், சில பேர் என்ன திமிரு பிடிச்சவன்னு நினைக்கறாங்க, நினைச்சுக்கட்டும்.

அமெரிக்கால 1973லயே 100 ஐயூவ கொண்டு வந்து பழசெல்லாம் மெல்ல ஒழிச்சுட்டாங்க, நம்ம ஊர்ல இன்னமும் பாட்டில் பெரும்பாலும் 40, பேனா பெரும்பாலும் 100னு ரெண்டும் ஒரே பிரிட்ஜ்ல ஒண்ணா குடித்தனம் நடத்துது. ரெண்டு ஊசியும் கடைல ஒரே கொக்கில தொங்கும். இதுக்கு யார திட்டறதுன்னு எனக்கு இன்னும் புரியல.

அக்கா, நான் கபடி பிளேயர், டிஸ்ட்ரிக்ட் டீம். தோள்பட்ட வலிக்கு ஜிம்ல ஒரு அண்ணா பிபிசி-157னு ஒரு பெப்டைட் (புரதத்தோட சின்ன துண்டு மாதிரி) பவுடர் வாங்கிக் குடுத்தார், 5 எம்ஜி வயால், அதாவது குட்டி மருந்து பாட்டில். 2 எம்எல் தண்ணி விட்டு 10 யூனிட் எடுன்னார். இன்னொருத்தர் 1 எம்எல் போதும்னார், நான் 1 எம்எல் விட்டுட்டு 10 யூனிட் எடுத்துட்டேன். யார் சொன்னது சரி? — பேர் வேணாம், கோயம்புத்தூர்

தண்ணி விஷயத்துல ரெண்டு பேரும் சரிதான், ஆனா நீ ஒருத்தர் சொன்ன தண்ணியையும் இன்னொருத்தர் சொன்ன கோட்டையும் சேத்துப் போட்டுட்ட, கணக்கு அங்க உடைஞ்சுது.

எலுமிச்சம்பழ அளவு புளிய ஒரு டம்ளர் தண்ணில கரைச்சாலும் ரெண்டு டம்ளர்ல கரைச்சாலும் புளி அதே புளிதான். ஆனா ஒரு கரண்டி எடுத்து நாக்குல வெச்சா ரெண்டும் ஒண்ணா? உன் வயால்லயும் அதான். பவுடர் 5 எம்ஜி, அதாவது 5000 மைக்ரோகிராம். 1 எம்எல் விட்டா எம்எல்லுக்கு 5000, நூறு வரைக்கும் நம்பர் போட்ட இன்சுலின் ஊசில ஒரு யூனிட்டுக்கு 50 மைக்ரோகிராம். 2 எம்எல் விட்டா ஒரு யூனிட்டுக்கு 25. அந்த அண்ணா சொன்ன 10 யூனிட்னா 250, நீ எடுத்தது 500, நேர் ரெண்டு மடங்கு. எந்த பவுடரா இருந்தாலும் இதே வழிதான்: மொத்த மருந்த ஊத்தின தண்ணியால வகுத்தா ஒரு எம்எல்லுக்கு எவ்ளோன்னு வரும், வேண்டிய அளவ அதால வகுத்தா எத்தனை எம்எல்னு வரும், அத நூறால பெருக்கினா ஆரஞ்சு மூடி ஊசில எத்தனையாவது கோடுன்னு வரும். இன்னொண்ணும் மனசுல வெச்சுக்கோ, அந்த ஊசில "யூனிட்"னு போட்டிருக்கறது இன்சுலினோட யூனிட், உன் பவுடருக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, உனக்கு அது வெறும் எம்எல்ல நூறுல ஒரு பங்கு.

கணக்கு சொல்லிட்டேன், இப்ப திட்டறேன், கேட்டுக்கோ. இந்த கணக்கு எல்லாமே லேபிள்ல போட்ட 5 எம்ஜி உண்மைங்கற ஒரே நம்பிக்கை மேல நிக்குது. "ஆராய்ச்சிக்கு மட்டும்"னு ஒட்டி விக்கற வயால்ல நிஜத்துல 5 இருக்கா, 3 இருக்கா, அதே பவுடர்தானா, கிருமி இல்லாம அடைச்சாங்களா, உனக்கும் தெரியாது அந்த அண்ணாவுக்கும் தெரியாது. பிபிசி-157ஐ மனுஷனுக்கான மருந்தா அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதிச்சதே இல்ல. அதோட நீ பிளேயர்ங்கற, 2022லேருந்து "வாடா"ங்கற உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட தடை லிஸ்ட்ல பேர் சொல்லி போட்டிருக்கு, தோள் சரியாகறதுக்குள்ள டெஸ்ட்ல மாட்டினா ஆட்டமே போச்சு. மிச்சம் இருக்கற வயால தூக்கிப் போடு, ஒரு எலும்பு டாக்டர பாத்து ஸ்கேன் எடு, பிசியோகிட்ட போ. ஊசி போட்ட இடத்துல வீக்கமோ ஜுரமோ வந்தா ஒளிக்காம என்ன போட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லு, திட்டுவாங்கதான், பரவால்ல.

மேடம், பையனுக்கு 9 வயசு, வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சிருக்கோம். சீட்டுல ராத்திரி 0.5 எம்ஜினு எழுதியிருக்கு. வயால்ல எம்ஜியே இல்ல, 4 ஐயூனு இருக்கு, கூட 1 எம்எல் தண்ணி. இன்சுலின் ஊசில எத்தனை? கம்பவுண்டர் ஒண்ணரை யூனிட்னு சொன்னார். — ஒரு அம்மா, திருச்சி

கம்பவுண்டர் சொன்னது தப்பில்லம்மா, ஆனா பாதிதான் சொல்லியிருக்கார், அந்த மீதி பாதிலதான் விஷயமே இருக்கு.

வளர்ச்சி ஹார்மோனுக்கு 1 எம்ஜின்னா 3 ஐயூ. அதனால 0.5 எம்ஜின்னா 1.5 ஐயூ, அது சரி. ஆனா அது ஹார்மோனோட யூனிட், ஊசி மேல இருக்கற யூனிட் இல்ல. நீங்க பாட்டுக்கு ஊசில ஒண்ணரை கோடு இழுத்தீங்கன்னா ஒரு சொட்டுக்கும் கம்மி, 0.06 ஐயூ, புள்ளைக்கு தினமும் குத்தின வலி மட்டும்தான் மிச்சம். 4 ஐயூ 1 எம்எல்ல கரைஞ்சிருக்குன்னா 1.5 ஐயூவுக்கு 0.375 எம்எல் வேணும், ஆரஞ்சு மூடி ஊசில 37க்கும் 38க்கும் நடுவுல. ஒரு எம்எல் ஊசில பெரும்பாலும் ரெண்டு ரெண்டு யூனிட்டுக்குத்தான் கோடு இருக்கும், அதுல இந்த நடுவ பிடிக்கறது கஷ்டம், அரை எம்எல் ஊசி கேட்டு வாங்குங்க, அதுல ஒவ்வொரு யூனிட்டுக்கும் கோடு உண்டு. 37ஆ 38ஆன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவ கேட்டு சீட்டுலயே "0.375 எம்எல், நூறு ஊசில இத்தனையாவது கோடு"ன்னு எழுதி வாங்கிக்கங்க. வேடிக்கை என்னன்னா இதே அளவு சிவப்பு மூடி ஊசில கச்சிதமா 15-வது கோட்டுல வந்து நிக்கும், அதுக்காக ரெண்டு ஊசியும் வீட்ல வெச்சுக்காதீங்க, என்னிக்காவது குழம்பும்.

கலந்தப்புறம் எத்தனை நாள் வெச்சுக்கலாம்ங்கறது கூட வந்த தண்ணிய பொறுத்தது. பென்சைல் ஆல்கஹால் மாதிரி கிருமி வளராம இருக்க ஏதாவது சேத்த தண்ணியா இருந்தா சில நாள் பிரிட்ஜ்ல தாங்கும், வெறும் சுத்தத் தண்ணின்னா அந்த வசதி இல்ல. எத்தனை நாளுன்னு அட்டைக்குள்ள மடிச்சு வெச்ச பேப்பர்ல இருக்கும், அத குப்பைல போடாதீங்க.

எனக்கு உடம்பு குறைக்க வாராவாரம் போடற மவுஞ்சாரோ வயால் எழுதிக் குடுத்திருக்காங்க, 2.5 எம்ஜி. என் மனைவி ஊசில 2.5ல நிறுத்தணும்ங்கறா, நான் 25ங்கறேன். அடுத்த மாசம் 5 எம்ஜி, அப்ப ரெண்டு மடங்கு இழுக்கணுமா? 5 எம்ஜி வயால் வாங்கி ரெண்டு வாரத்துக்கு பாதி பாதியா போட்டுக்கலாமா? — அண்ணாநகர் வாசகர்

சார், வீட்ல சண்ட வேண்டாம், ரெண்டு பேருமே தப்பு. இது பவுடர் இல்ல, கலந்தே வருது. 2.5 எம்ஜி மொத்தமும் 0.5 எம்எல்ல இருக்கு, நூறு ஊசில 50-வது கோடு. மனைவி சொன்ன 2.5 கோடுன்னா டோஸ்ல இருபதுல ஒரு பங்கு, நீங்க சொன்ன 25ன்னா பாதி. அடுத்த மாசம் வர்ற 5 எம்ஜி வயாலும் அதே 0.5 எம்எல்தான், மருந்துதான் கெட்டி, கோடு அதே 50. டோஸ் மாறும், கோடு மாறாது. 100-வது கோடு வரைக்கும் இழுக்கலாம்னு ரெண்டு வயால உடைச்சிடாதீங்க.

பாதி பாதி விஷயம் ஏன் வருதுன்னு எனக்கு தெரியும், 2025 மார்ச்ல இங்க வந்தப்ப 2.5 வயால் 3,500 ரூபாய், 5 வயால் 4,375, பாதி போட்டா ஒரு வாரத்துக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய் மிச்சம்னு யாரும் சொல்லாமலே மனசு கணக்கு போட்டுடும். ஆனா அது ஒரே டோஸுக்கான வயால், உள்ள கிருமிய தடுக்க எதுவும் சேக்கல, ஒரு தடவ குத்தின ரப்பர் வழியா ஒரு வாரம் கழிச்சு திரும்ப எடுத்தா எது உள்ள வளந்திருக்கும்னு சொல்ல முடியாது. வேண்டாம் சார்.

இந்த எம்ஜி, எம்எல், யூனிட் குழப்பம் உங்க வீட்ல மட்டும் இல்ல. இதே வகை மருந்து செமாகுளுடைட், அமெரிக்கால பல டோஸ் இருக்கற வயாலா கலந்து வித்ததுல ஆளுங்க வேண்டியத விட 5லேருந்து 20 மடங்கு வரைக்கும் போட்டுக்கிட்டாங்கன்னு 2024 ஜூலைல எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டுச்சு. 5 யூனிட் எழுத வேண்டிய இடத்துல 25னு எழுதினதும் அதுல ஒண்ணு. எழுதினது டாக்டர் பக்கம்தான், பேஷண்ட் இல்ல.

அக்கா, பாப்பாவுக்கு ஆன்டிபயாட்டிக் பவுடர் பாட்டில் குடுத்தாங்க. கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி குலுக்கினேன், அப்புறம் பாத்தா கோட்டுக்கு கீழ இறங்கிடுச்சு. இன்னும் ஊத்தணுமா? போன தடவ 30 எம்எல் பாட்டில்னு அளந்து 30 எம்எல் ஊத்தினேன், வழியற மாதிரி வந்துச்சு. — புது அம்மா, விழுப்புரம்

ஊத்தணும், கோடு வரைக்கும் திரும்ப ஊத்துங்க. பவுடரும் இடத்த அடைச்சுக்கும்மா, அதனால 30 எம்எல் மருந்துக்கு 30 எம்எல் தண்ணி தேவைப்படாது, அதுக்குத்தான் பாட்டில்ல அந்த கோடே. மூடிய கழட்டறதுக்கு முன்னாடி பாட்டில தட்டி பவுடர உதிர்த்துக்கங்க, ஆற வெச்ச தண்ணிய முக்கால்வாசி ஊத்தி நல்லா குலுக்குங்க, நுரை அடங்கட்டும், அப்புறம் கோடு வரைக்கும் மிச்சத்த.

எடுத்துக்காட்டுக்கு, 5 எம்எல்ல 125 எம்ஜின்னு போட்ட 30 எம்எல் பாட்டில்ல மொத்தம் 750 எம்ஜி இருக்கும். அத 40 எம்எல் ஆக்கிட்டீங்கன்னா ஒரு 5 எம்எல்ல 94 எம்ஜிதான் வரும், ஜுரம் விடாது, மருந்து கேக்கலன்னு வேற மருந்து தேடுவீங்க. தண்ணி கம்மின்னா அதுக்கு நேர்மாறு. சமையல்கட்டு ஸ்பூனும் வேண்டாம், எங்க வீட்லயே மூணு ஸ்பூன் மூணு அளவு, பாட்டிலோட வர்ற மூடி கப்போ ஊசி இல்லாத சிரிஞ்சோ போதும்.

பவுடர் ஊசி மருந்த கலக்கும்போது குலுக்கலாமா? — ஒரு நர்சிங் மாணவி

மேல சொன்ன பாப்பா சிரப் மாதிரி இல்ல இது. ஹார்மோன், பெப்டைட் வகைய குலுக்காத, தண்ணிய வயால் சுவத்துல வழிய விட்டு, உள்ளங்கைல வெச்சு மெதுவா உருட்டு. நுரை கட்டினா ஊசில காத்துதான் வரும், அளவு கம்மியாகும், அதோட புரதம் கெட்டும் போகலாம். தெளிவா வரலன்னா, துகள் தெரிஞ்சா, போடாத.

வயசு 74. நானே இன்சுலின் போட்டுக்கறேன். ஊசிக்குள்ள இருக்கற கறுப்பு ரப்பர்ல மேல ஒரு விளிம்பு, கீழ ஒரு விளிம்பு இருக்கு. எத கோட்டோட சேத்துப் பாக்கணும்? சின்ன குமிழி வந்தா பயமா இருக்கு. — கும்பகோணம் பெரியவர்

ஐயா, ஊசி முனை பக்கம் இருக்கற விளிம்பு, மருந்து தொட்டுக்கிட்டு இருக்கே அது. கீழ் விளிம்ப பாத்தா தினமும் அளவு மாறிடும். குமிழி தோலுக்கடில போனா உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அது இருக்கற இடத்துக்கு மருந்து கம்மி, அதனால ஊசிய நிமித்திப் பிடிச்சு விரலால சுண்டுங்க, மேல ஏறினதும் பாட்டிலுக்குள்ளயே தள்ளிட்டு திரும்ப கோடு வரைக்கும் இழுங்க.

சாளரத்துக்கு எதிர்ல நின்னு, ஊசிக்குப் பின்னாடி ஒரு வெள்ளத்தாள பிடிச்சுப் பாருங்க, கோடு நல்லா தெரியும். பேத்தி பிளஸ் ஒன் படிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, காலைல அது பள்ளிக்கூடம் கிளம்பறதுக்கு முன்னாடி இழுத்து வெச்சுக்கிட்டு "எத்தனைம்மா?"ன்னு மட்டும் கேளுங்க, நீங்க நம்பர் சொல்லிடாதீங்க, அது பாத்து சொல்லட்டும்.